சிடி4-க்கு எந்த ஆன்டிபாடி வாங்குவது? எஸ்கே3, ஆர்பிஏ-டி4, ஓகேடி4

போன மாதம் ஒரு மதியம், எங்கள் ஆய்வகத்தில் புதிதாகச் சேர்ந்த மாணவி ஆர்டர் படிவத்தோடு வந்து நின்றாள். "அக்கா, சிடி4 ஆன்டிபாடி தீரப் போகுது. வாங்கலாம்னு பார்த்தா ஒரே கம்பெனியிலேயே மூணு குளோன் இருக்கு. எல்லாமே மனித சிடி4-க்குத்தான்னு போட்டிருக்கு. விலையும் கிட்டத்தட்ட ஒண்ணுதான். எதை எழுதட்டும்?"

சிடி4 என்பது சில வெள்ளை அணுக்களின் மேல் இருக்கும் ஒரு புரதம். அதில் ஒட்டும் ஆன்டிபாடியில் ஒளிரும் சாயம் இணைத்து, செல்களோடு கலந்து, ஃப்ளோ சைட்டோமீட்டர் என்ற கருவியில் ஒவ்வொரு செல்லும் எவ்வளவு ஒளிர்கிறது என்று வரைபடமாகப் பார்ப்போம். குளோன் என்பது அந்த ஆன்டிபாடியின் ரகம்.

"முன்னாடி வாங்கினதையே எழுது" என்று சொல்லி அனுப்பியிருக்கலாம். நிறைய ஆய்வகங்களில் அப்படித்தான் நடக்கிறது. ஆனால் முன்பு அந்தக் குப்பியை வாங்கிய அண்ணன் செய்த வேலை வேறு, இவள் செய்யப் போகிற வேலை வேறு. அவர் எண்ணியது ரத்தத்தில் சிடி4 செல்கள் எத்தனை என்று. இவளோ ஹெச்ஐவியின் மேலுறைப் புரதமான ஜிபி120-ஐ ஆரோக்கியமான ஒருவரின் செல்களோடு கலந்து, எந்தச் செல்லில் எவ்வளவு ஒட்டுகிறது என்று பார்க்கப் போகிறாள். பழைய குப்பியையே வாங்கியிருந்தால் அவள் சோதனை முதல் நாளே தப்பாகப் போயிருக்கும். ஏன் என்று உட்கார்ந்து சொல்ல அரை மணி நேரம் ஆனது. இதே கேள்வியோடு நிற்கிற மற்றவர்களுக்கும் உதவட்டும் என்று அதைக் கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

முதலில் சிடி4 எப்படி இருக்கும் என்று மனதில் ஒரு படம் வேண்டும். செல்லின் மேல்தோலிலிருந்து வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு சிறு சரம், அதில் வரிசையாகக் கோத்த நான்கு மணிகள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு மணியும் ஒரு டொமைன். நுனியில் இருப்பது முதல் டொமைன், செல்லை ஒட்டி இருப்பது நான்காவது. செல்லுக்கு உள்ளே இருக்கும் வால் பகுதி லக் என்ற நொதியைப் பிடித்து வைத்திருக்கிறது. நோய் எதிர்ப்பை ஒருங்கிணைக்கும் உதவி டி செல்களின் மேல் இந்தப் புரதம் ஏராளமாக இருக்கும், ஒரு செல்லுக்குப் பல பத்தாயிரம் என்ற கணக்கில். மோனோசைட்டுகள் என்ற வேறு வகை வெள்ளை அணுக்களிலும் உண்டு, ஆனால் குறைவு. இந்தக் குறைவான கூட்டத்தை மறந்துவிட்டு வரைபடத்தைப் பார்ப்பவர்கள் அடிக்கடி ஏமாறுகிறார்கள், அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

நுனியில் இருக்கும் முதல் டொமைனில்தான் முக்கியமான காரியங்கள் நடக்கின்றன. மற்ற செல்கள் எம்ஹெச்சி இரண்டாம் வகுப்பு என்ற மேற்பரப்பு மூலக்கூறில் வைத்துக் காட்டும் புரதத் துண்டை டி செல் பார்க்கும்போது, அந்த மூலக்கூறு வந்து சேரும் இடம் அங்கேதான். ஹெச்ஐவியின் ஜிபி120 வந்து பற்றுவதும் அங்கேதான். சிடி4-தான் இந்த வைரஸ் நுழையும் வாசல் என்று 1984-இல் லண்டனிலும் பாரிஸிலும் இரண்டு குழுக்கள் காட்டியபோது, அவர்கள் கையில் இருந்த கருவியும் இதே ஆன்டிபாடிகள்தான்: சிடி4-இல் ஆன்டிபாடியை ஒட்டிவைத்தால் வைரஸ் நுழைவது தடைபட்டது. எல்லா சிடி4 ஆன்டிபாடியும் அப்படித் தடுக்கவில்லை. சில தடுத்தன, சில தடுக்கவில்லை. அந்த வித்தியாசம்தான் இன்று இவள் படிவத்தில் எதை எழுதுவது என்ற கேள்விக்குப் பதில்.

குளோன் பெயர் எதற்கு

சிடி4 என்பது புரதத்தின் பெயர். எஸ்கே3, ஆர்பிஏ-டி4, ஓகேடி4 என்பவை அந்தப் புரதத்தைப் பிடிக்கும் ஆன்டிபாடிகளின் பெயர். புதிதாக வருபவர்கள் இரண்டையும் குழப்பிக்கொள்வதில் ஆச்சரியமில்லை, ஏனென்றால் வரலாற்றிலேயே அந்தக் குழப்பம் இருந்தது.

1975-இல் கோலரும் மில்ஸ்டைனும் கேம்பிரிட்ஜில் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். ஆன்டிபாடி சுரக்கும் எலியின் செல்லை, சாகாமல் பெருகும் புற்றுநோய்ச் செல்லோடு இணைத்துவிட்டால், அந்தக் கலப்புச் செல்லின் வாரிசுகள் எல்லாம் ஒரே ஒரு ஆன்டிபாடியை மட்டும் சுரந்துகொண்டே இருக்கும். அப்படி ஒரு செல்லிலிருந்து வந்த பரம்பரைதான் ஒரு குளோன். 1984-இல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. இந்த வழி வந்ததும் பல ஆய்வகங்கள் மனித டி செல்லைப் பிடிக்கும் ஆன்டிபாடிகளைப் போட்டி போட்டுக்கொண்டு உண்டாக்கின. ஆர்த்தோ நிறுவனத்தில் குங் உண்டாக்கிய வரிசை ஓகேடி: ஓ ஆர்த்தோவுக்கு, கே குங்குக்கு, டி என்பது டி செல்லுக்கு. ஓகேடி4 வெளியானது 1979-இல். எஸ்கே3-க்கு அப்போது லியூ-3ஏ என்று பெயர், இன்றும் பழைய கட்டுரைகளில் அப்படித்தான் பார்ப்பீர்கள். ஒரே புரதத்தை ஒருவர் டி4 என்றார், இன்னொருவர் லியூ-3 என்றார். 1982-இல் பாரிஸில் கூடி, எந்தெந்த ஆன்டிபாடிகள் ஒரே புரதத்தைப் பிடிக்கின்றன என்று ஒப்பிட்டுப் பார்த்துப் பொதுப் பெயர் வைக்கத் தொடங்கினார்கள். சிடி என்ற வரிசை எண் அங்கிருந்து வந்தது.

பொதுப் பெயர் வந்தது நல்லது. ஆனால் அதனால் ஒன்று மறைந்துவிட்டது. ஒரே புரதத்தைப் பிடிக்கும் இரண்டு ஆன்டிபாடிகள் அதன் ஒரே இடத்தைப் பிடிக்க வேண்டும் என்பதில்லை. ஒட்டும் இடத்தை எபிடோப் என்கிறோம். எஸ்கே3-யும் ஆர்பிஏ-டி4-உம் நுனியில் இருக்கும் முதல் டொமைனில் ஒட்டுகின்றன. ஓகேடி4 கீழே, மூன்றாவது டொமைனில் ஒட்டுகிறது. முதலிரண்டும் ஜிபி120-க்கு இடைஞ்சல். ஓகேடி4 இடைஞ்சல் இல்லை. ஓகேடி4-உம் ஆர்பிஏ-டி4-உம் ஒரே செல்லில் ஒன்றையொன்று தள்ளாமல் சேர்ந்தே ஒட்டும்.

கேள்வி கேட்ட மாணவிக்கு இது போதும். ஜிபி120 ஏற்கெனவே ஒட்டியிருக்கும் செல்லில் ஆர்பிஏ-டி4 போட்டால், அதற்கு இடம் கிடைக்காது. சிடி4 இருந்தும் இல்லாததுபோல் வரைபடம் காட்டும். "வைரஸ் புரதம் பட்டதும் சிடி4 காணாமல் போகிறது" என்று அவள் எழுதிவிடக்கூடிய அபாயம் அங்கே இருந்தது. ஓகேடி4 போட்டால் மொத்த சிடி4 தெரியும். இன்னொரு குழாயில் எஸ்கே3 போட்டால் காலியாக இருக்கும் நுனி மட்டும் தெரியும். இரண்டையும் வைத்துக் கழித்துப் பார்த்தால் எவ்வளவு இடம் நிரம்பியிருக்கிறது என்று சொல்லலாம்.

வைரஸ் தொற்றிய செல்களிலேயே வேலை செய்பவர்களுக்கு இன்னும் ஒரு சிக்கல் உண்டு. வைரஸின் நெஃப் புரதம் சிடி4-ஐ மேலிருந்து உள்ளே இழுத்துவிடும். விபியு புரதம் புதிதாக உருவாகும் சிடி4-ஐ வழியிலேயே அழிக்க வைக்கும். அங்கே ஓகேடி4-உம் குறைவாகத்தான் காட்டும், அந்தக் குறைவு நிஜம். முதல் டொமைன் குளோனை மட்டும் வைத்திருந்தால் நிஜமான குறைவு எது, மறைப்பால் வந்த குறைவு எது என்று பிரிக்கவே முடியாது.

மருந்து செய்பவர்களும் இந்த இடக் கணக்கை வைத்துத்தான் யோசித்தார்கள். 2018-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற இபாலிசுமாப் என்ற ஹெச்ஐவி மருந்து ஒரு சிடி4 ஆன்டிபாடிதான். அது பிடிப்பது முக்கியமாக இரண்டாவது டொமைனை. வைரஸ் நுழைவது தடைபடுகிறது, எம்ஹெச்சியோடு சேரும் நுனி சும்மா விடப்படுகிறது.

அப்படியென்றால் எல்லோரும் ஓகேடி4 வாங்கிவிடலாமா?

கூடாது. அதற்கு ஒரு காரணம் உண்டு, இதைத் தெரியாமல் யாரும் ஓகேடி4 குப்பியைத் திறக்கக் கூடாது என்பது என் கருத்து.

சிலருடைய சிடி4 மரபணுவில், மூன்றாவது டொமைனில் ஆர்ஜினின் என்ற அமினோ அமிலம் இருக்க வேண்டிய ஓரிடத்தில் டிரிப்டோஃபேன் இருக்கிறது. அவர்களுக்கு நோய் எதிர்ப்பில் எந்தக் குறையும் இல்லை. சிடி4 நன்றாகவே வேலை செய்கிறது. ஆனால் ஓகேடி4-க்கு அது பிடிபடாது. பெற்றோர் இருவரிடமிருந்தும் இந்த வடிவம் வந்திருந்தால், ஓகேடி4 போட்ட குழாயில் அவருடைய உதவி டி செல்கள் முழுவதும் காணாமல் போய்விடும். ஒருவரிடமிருந்து மட்டும் வந்திருந்தால் ஒளிர்வு பாதியாகத் தெரியும். ஆப்பிரிக்க வம்சாவளியினரிடமும் ஜப்பானியர்களிடமும் இது பதிவாகியிருக்கிறது.

மருத்துவமனையில் இது என்ன செய்யும் என்று யோசித்துப் பாருங்கள். உடம்புக்கு ஒன்றுமில்லாத ஒருவருடைய ரத்தத்தில் சிடி4 செல் பூஜ்யம் என்று அறிக்கை வரும். அவரையும் அவர் குடும்பத்தையும் அந்த ஒரு தாள் என்ன பாடு படுத்தும்! அதே ரத்தத்தில் எஸ்கே3 போட்டால் எல்லாம் சரியாகத் தெரியும். அதனால்தான் ஓகேடி4-ஐத் தனியாக வைத்து யாருடைய உடல்நிலையையும் தீர்மானிக்கக் கூடாது என்று நான் பிடிவாதமாகச் சொல்கிறேன். ஆராய்ச்சியில் பயன்படுத்தும்போதும், ஒவ்வொரு புதிய கொடையாளரின் ரத்தத்தையும் முதலில் எஸ்கே3-யோடு பக்கத்தில் வைத்து ஒருமுறை பார்த்துவிடுங்கள். கூடுதலாக ஒரு குழாய், இருபது நிமிடம், அவ்வளவுதான்.

எண்ணுவதற்கு எஸ்கே3

ரத்தத்தில் சிடி4 எண்ணிக்கை எடுப்பதே வேலை என்றால் நான் எஸ்கே3-யைத் தேர்ந்தெடுப்பேன். மருத்துவமனைகளில் நெடுங்காலமாகப் பயன்படும் ஒரு நான்கு நிறக் கலவையில், சிடி3-க்கு (டி செல்களின் அடையாளம்) எஸ்கே7, சிடி8-க்கு (கொல்லும் டி செல்களின் அடையாளம்) எஸ்கே1, சிடி4-க்கு எஸ்கே3, சிடி45-க்கு (வெள்ளை அணுக்களின் அடையாளம்) 2டி1 என்று இருக்கும். உங்கள் எண்ணும் மருத்துவமனை எண்ணும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பார்க்கப்படும் என்றால், அங்கே இருக்கும் குளோனையே நீங்களும் வைத்திருப்பது நிம்மதி. வேறு குளோன் என்றால், எண் மாறும்போதெல்லாம் நோயாளியின் உடம்பு மாறியதா ஆன்டிபாடி மாறியதா என்று யோசித்துக்கொண்டிருக்க வேண்டியிருக்கும்.

நம் ஊர்க்காரர்களுக்கு இந்த எண்ணின் கனம் தெரியும். 1986-இல் சென்னையில் டாக்டர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி நிர்மலாவும் சேகரித்த ரத்த மாதிரிகள் வேலூர் சிஎம்சியில் சோதிக்கப்பட்டன. இந்தியாவில் ஹெச்ஐவி இருப்பது அப்போதுதான் வெளியே தெரிந்தது. வைரஸ் இருக்கிறதா இல்லையா என்பது அன்றைய கேள்வி. பிறகு வந்த ஆண்டுகளில் ஹெச்ஐவிக்கு மருந்து தரும் ஏஆர்டி மையத்தின் வரிசையில் நின்றவர்கள் மனப்பாடமாக வைத்திருந்தது சிடி4 எண்ணை. ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்தில் 200-க்குக் கீழே போனால் எய்ட்ஸ் என்று அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் 1993-இல் வரையறுத்தது. மருந்து எப்போது தொடங்குவது என்பதையும் இந்த எண்தான் முடிவு செய்தது. உலக சுகாதார நிறுவனம் அந்த எல்லையை 2013-இல் 500 ஆக உயர்த்தி, 2015-இல் எண் எதுவானாலும் எல்லோருக்கும் மருந்து என்று மாற்றியது. இன்று மருந்து தொடங்க எண் தேவையில்லை. ஆனால் தாமதமாக வருபவருக்கு எவ்வளவு ஆபத்து என்று தெரிந்துகொள்ள இன்னும் தேவை. 190-க்கும் 210-க்கும் நடுவே ஒருவருடைய சிகிச்சை மாறக்கூடும் என்னும்போது, குளோன் தேர்வைச் சின்ன விஷயம் என்று விட முடியாது.

எஸ்கே3-யா ஆர்பிஏ-டி4-ஆ என்று மட்டும் கேட்டால், சாதாரண ரத்தத்தில் இரண்டுக்கும் பெரிய வேறுபாடு இல்லை. இரண்டும் எலியின் ஐஜிஜி1 என்ற ஆன்டிபாடி வகை, இரண்டும் முதல் டொமைன். உங்களுக்கு வேண்டிய நிறம் எதில் கிடைக்கிறதோ, நீங்கள் பின்பற்றும் கட்டுரையில் எது இருக்கிறதோ அதை எடுங்கள். ஓகேடி4 ஐஜிஜி2பி வகை. ஒப்பீட்டுக்கு வைக்கும் ஐசோடைப் கட்டுப்பாட்டை (அதே வகை, ஆனால் சிடி4-ஐப் பிடிக்காத ஆன்டிபாடி) வாங்கும்போது இதை மறந்துவிடாதீர்கள்.

குப்பி கெட்டுப்போச்சு என்று நான் நினைத்த நாள்

முனைவர் பட்டத்துக்குச் சேர்ந்த முதல் ஆண்டு, டி செல்களைத் தூண்டி இன்டர்ஃபெரான் காமா என்ற சைட்டோகைன் (செல்கள் சுரக்கும் தூதுப் புரதம்) சுரக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். பிஎம்ஏ, அயனோமைசின் என்ற தூண்டும் பொருள்கள் இரண்டையும் போட்டு ஐந்து மணி நேரம். பிறகு மேலே சிடி3, சிடி4, சிடி8 சாயம் ஏற்றி, செல்லை நிலைப்படுத்தி, துளையிட்டு, உள்ளே சைட்டோகைன் ஆன்டிபாடி. கருவியில் போட்டதும் தூண்டாத குழாய் அழகாக வந்தது: சிடி4 கூட்டம் வலது பக்கம் தனியாக, சிடி8 கூட்டம் மேலே தனியாக. தூண்டிய குழாயில் சிடி4 கூட்டம் இடது பக்கமாக வழிந்து, சிடி4 இல்லாத செல்களோடு கலந்துபோயிருந்தது. எது சிடி4 என்று கோடு போடவே இடமில்லை.

ஆன்டிபாடி கெட்டுவிட்டது என்று முடிவு செய்து, இன்னொரு குப்பியை இரவல் வாங்கி மறுநாள் மறுபடி செய்தேன். அதே கதை. மூன்றாவது முறை செய்தபோதுதான், தூண்டாத குழாயில் அதே குப்பி நன்றாக வேலை செய்வதை நின்று கவனித்தேன். குப்பியில் குறையே இல்லை. பிஎம்ஏ பட்டதும் செல் தன் சிடி4-ஐ உள்ளே இழுத்துக்கொள்கிறது. மேலே இல்லாத புரதத்தை எந்தக் குளோனாலும் பிடிக்க முடியாது.

இதற்கு இரண்டு வழிகள் உண்டு. துளையிட்ட பிறகு, சைட்டோகைன் ஆன்டிபாடியோடு சேர்த்து சிடி4-ஐயும் போடலாம். உள்ளே போனதும் தெரியும், முழுதாக இல்லாவிட்டாலும் கூட்டம் மறுபடி பிரிந்து வரும். அல்லது சிடி3 உள்ள, சிடி8 இல்லாத செல் என்று எடுத்துக்கொள்ளலாம். நான் முதல் வழியைத்தான் செய்கிறேன், ஏனென்றால் இரண்டாவதில் காமா-டெல்டா என்ற வேறு வகை டி செல்களும் உள்ளே நுழைந்துவிடும். முதல் வழிக்கு ஒரு நிபந்தனை: உங்கள் குளோன், நிலைப்படுத்திய செல்லிலும் ஒட்ட வேண்டும். ஃபார்மால்டிஹைடு பட்டால் சில எபிடோப்புகள் உருமாறிவிடும். வாங்குமுன் விவரத்தாளில் இதைத் தேடிப் படியுங்கள், இல்லையென்றால் ஒரு சொட்டு ரத்தத்தில் சோதித்துப் பாருங்கள்.

மெத்தனால் இன்னும் முரட்டுத்தனமானது. பாஸ்ஃபேட் ஏறிய புரதங்களைப் பார்ப்பவர்கள் மெத்தனாலில் துளையிடுகிறார்கள். பிஇ, ஏபிசி இரண்டும் பாசிகளிலிருந்து வந்த புரதச் சாயங்கள். முன்னாடியே ஏற்றியிருந்தால் மெத்தனாலில் அவை குலைந்து ஒளிர்வு போய்விடும். ஃபிட்சி, அலெக்சா ஃப்ளோர் போன்ற சிறிய சாயங்கள் தாக்குப்பிடிக்கும். இங்கே குளோனைப் போலவே சாயமும் முடிவைத் தீர்மானிக்கிறது.

எந்த நிறத்தில்

சிடி4 ஏராளமாக இருக்கும் புரதம். அதற்குப் போய் மிகப் பிரகாசமான சாயத்தைக் கொடுப்பது வீண். பிஇ, பிவி421 போன்றவற்றை அரிதாக, மங்கலாக இருக்கும் புரதங்களுக்கு ஒதுக்கி வையுங்கள்: வேதி ஈர்ப்பு ஏற்பிகள், பிடி-1 போன்றவை. சிடி4-க்கு ஃபிட்சி போதும், பெர்சிபி-சை5.5 போதும். மிகப் பிரகாசமான சிடி4 பக்கத்து நிறங்களை அளக்கும் தடங்களில் சிந்தி, அங்கே மங்கலாக இருப்பதை மூழ்கடித்துவிடும்.

விதிவிலக்கு மோனோசைட்டுகள். அவற்றின் குறைந்த சிடி4-ஐப் பார்ப்பதே நோக்கம் என்றால் பிரகாசமான சாயம் வேண்டும், ஆன்டிபாடியின் வாலைப் (எஃப்சி பகுதி) பிடித்துக்கொள்ளும் எஃப்சி ஏற்பிகளை அடைக்கும் திரவமும் வேண்டும். நோக்கம் அதுவல்ல என்றால், எப்போதும் முதலில் சிடி3-ஐ வைத்து டி செல்களைப் பிரித்துவிட்டு அப்புறம் சிடி4-ஐப் பாருங்கள். இல்லையென்றால் நடுவே தெரியும் அந்த மங்கலான மேகத்தை "சிடி4 குறைந்த புதிய டி செல் வகை" என்று யாராவது சொல்லத் தொடங்கிவிடுவார்கள்.

ஏபிசி-சை7, பிஇ-சை7 போன்ற இரட்டைச் சாயங்களில் ஜாக்கிரதை. ஒரு சாயம் வாங்கிய ஒளியை இன்னொன்றுக்குக் கடத்துகிற ஏற்பாடு அது. வெளிச்சத்தில் வைத்தால், நிலைப்படுத்தும் திரவத்தில் நெடுநேரம் விட்டால், இணைப்பு அறுந்து ஏபிசி அல்லது பிஇ தடத்தில் பொய்யான ஒளி வரும். குப்பியை உறைய வைக்கவும் கூடாது. "பத்திரமா இருக்கட்டும்" என்று மைனஸ் இருபதில் வைத்தால் பிஇ, ஏபிசி இரண்டும் போய்விடும். இடம் 2-லிருந்து 8 டிகிரி, வெளிச்சம் படாமல்.

குப்பி வந்ததும் முதல் வேலை

எந்தக் குளோனை வாங்கினாலும், அளவு பார்க்காமல் சோதனையைத் தொடங்காதீர்கள். விவரத்தாள் ஒரு சோதனைக்கு 5 மைக்ரோலிட்டர் என்று சொல்லும். அது பத்து லட்சம் செல்லுக்கு, 100 மைக்ரோலிட்டர் திரவத்தில். நான் செய்வது இது: ஆறு குழாய்கள், ஒவ்வொன்றிலும் பத்து லட்சம் செல்கள், ஆன்டிபாடி 10 மைக்ரோலிட்டரில் தொடங்கிப் பாதிப் பாதியாக 5, 2.5, 1.25, 0.6, 0.3 வரை. எல்லாக் குழாயிலும் மொத்தத் திரவம் ஒரே அளவு இருக்க வேண்டும், இதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். இருட்டில் இருபது நிமிடம், ஒரு முறை கழுவல், அவ்வளவுதான்.

ஆறு வரைபடங்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒரு விஷயம் கண்ணுக்கே தெரியும். 10-இல் சிடி4 கூட்டம் நன்றாக மேலே ஏறியிருக்கும், ஆனால் சிடி4 இல்லாத கூட்டமும் கூடவே ஏறி அகலமாகியிருக்கும். அளவு குறையக் குறைய கீழ்க் கூட்டம் அடங்கி ஒடுங்கும். ஓரிடத்துக்குப் பிறகு மேல் கூட்டமும் இறங்கத் தொடங்கும். இரண்டு கூட்டங்களின் நடு ஒளிர்வில் உள்ள வித்தியாசத்தை, கீழ்க் கூட்டத்தின் திட்ட விலக்கத்தின் இரண்டு மடங்கால் வகுத்தால் ஓர் எண் வரும். அது எங்கே அதிகமோ அதுதான் உங்கள் அளவு. எங்கள் கருவியில் ஒரு எஸ்கே3 குப்பிக்கு அது 1.25-இல் வந்தது. நூறு சோதனைக்கான 500 மைக்ரோலிட்டர் குப்பி நானூறு சோதனைக்கு வந்துவிட்டது. ஆர்டர் போட்டு, இறக்குமதியாகி, ஐஸ் உருகுமுன் கையில் வந்து சேர வாரக்கணக்கில் காத்திருக்கும் நமக்கு இது பெரிய விஷயம்.

இப்போது மறுசேர்க்கை முறையில் செய்த ஆன்டிபாடிகளும் கிடைக்கின்றன, சிடி4-க்கு ஆர்இஏ623 போல. அவற்றின் வரிசை மரபணுவாகவே எழுதி வைக்கப்பட்டிருப்பதால், கலப்புச் செல் காலப்போக்கில் மாறிவிடும் என்ற பயம் இல்லை. எஃப்சி பகுதியை மாற்றியிருப்பதால் மோனோசைட்டுகளில் தேவையில்லாமல் ஒட்டுவதும் குறைவு. பல ஆண்டுகள் ஓடப்போகும் ஆய்வைத் தொடங்குகிறவர்கள் இதைத் தீவிரமாக யோசிக்கலாம். நடுவில் ஓடிக்கொண்டிருக்கும் ஆய்வில் மட்டும் குளோனை மாற்றாதீர்கள்.

மூன்றுமே உதவாத இடங்கள்

மெழுகில் பதித்த திசுவில் சிடி4 பார்க்க வேண்டுமென்றால் இந்த மூன்றையும் மறந்துவிடுங்கள். அங்கே 4பி12, அல்லது முயலில் உண்டாக்கிய எஸ்பி35 போன்றவற்றைத்தான் பயன்படுத்துகிறார்கள். குரங்குகளில் வேலை என்றால் எல்200 நல்ல தேர்வு, ஓகேடி4-உம் பயன்படும்.

எலியில் வேலை செய்பவர்களுக்குக் குளோன் பெயர்களே வேறு: ஜிகே1.5, ஆர்எம்4-5, ஆர்எம்4-4. அங்கேயும் இதே இடக் கணக்கு ஒரு பொறி வைத்திருக்கிறது. எலிக்கு ஜிகே1.5 ஊசி போட்டு சிடி4 செல்களை ஒழித்துவிட்டு, ஒழிந்ததா என்று ஆர்எம்4-5 போட்டுப் பார்த்தால் "ஒன்றுமே இல்லை" என்றுதான் வரும். செல் உயிரோடு இருந்தாலும் அப்படித்தான் வரும், ஏனென்றால் இடத்தை ஜிகே1.5 ஏற்கெனவே பிடித்திருக்கும். ஆர்எம்4-4 வேறு இடத்தில் ஒட்டும். ஒழிந்ததா என்று பார்க்க அதுதான் சரி.

சாயம் ஏற்றிப் பிரித்தெடுத்த உயிருள்ள செல்களை வளர்த்து மேற்கொண்டு சோதனை செய்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. முதல் டொமைனில் ஆன்டிபாடி உட்கார்ந்திருந்தால் எம்ஹெச்சியோடு சேர்வது தடைபடலாம். முடிந்தால் சிடி4-ஐத் தொடாமல், மற்ற செல்களைப் பிடித்து நீக்கிப் பிரிக்கும் முறையைப் பயன்படுத்துங்கள். ஃப்ளோவுக்கென்று விற்கும் குப்பிகளில் பெரும்பாலும் கெடாமல் வைக்கும் சோடியம் அசைடு இருக்கும், அதை அப்படியே வளர்ப்புத் திரவத்தில் ஊற்றினால் செல்கள் செத்துப்போகும்.

சரி, அந்தப் படிவத்துக்கு வருகிறேன். பழைய ஆர்பிஏ-டி4 குப்பியில் கொஞ்சம் மிச்சம் இன்னும் குளிர்பெட்டியில் இருக்கிறது, எண்ணும் வேலைக்கு அதையே வைத்து முடிக்கச் சொன்னேன். புதிதாக எழுதியது இரண்டு: ஓகேடி4 ஃபிட்சியில், எஸ்கே3 ஏபிசியில், இரண்டும் இருப்பதிலேயே சிறிய குப்பி. ஜிபி120 போடுமுன் மூன்று கொடையாளர்களின் ரத்தத்தையும் இரண்டு குளோனிலும் பார்த்து, ஓகேடி4 எல்லோரிடமும் ஒட்டுகிறது என்று உறுதி செய்துகொண்டுதான் தொடங்க வேண்டும் என்று பேசிக்கொண்டோம்.

குப்பிகள் நேற்று வந்தன. மூடியில் "சிடி4" என்று மட்டும் எழுதிக்கொண்டிருந்தவள், தானே நிறுத்தி, பக்கத்தில் குளோன் பெயரையும் எழுதி, இரண்டையும் தனித்தனி அட்டைப்பெட்டியில் வைத்தாள். திங்கட்கிழமை ஆறு குழாய் அளவுப் பரிசோதனை.